அறுக்கட்டுமாய்யா?

சடையாண்டி ஒருநாளும் கேட்காமல் கத்தியை வைத்ததில்லை. பிணவறை மேசையில் யாரைக் கிடத்தினாலும் சரி, முதலில் கால்மாட்டுக்குப் போவான். வலது கால் கட்டைவிரலைத் தொடுவான். "அறுக்கட்டுமாய்யா?" என்பான். பெண்ணாக இருந்தால் "அறுக்கட்டுமா தாயி?" குழந்தை என்றால் அந்தக் கேள்வி வாயில் வராது, விரலை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்பான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் அவனுக்குப் பதில் சொன்னதில்லை. அவனும் பதிலை எதிர்பார்த்துக் கேட்டதில்லை. கேட்ட வாய் மூடுவதற்குள் கத்தி இறங்கிவிடும்.

பூலாங்கரடு அரசு ஆஸ்பத்திரியில் கத்தி பிடிக்கத் தெரிந்த ஒரே கை அவனுடையது. அதெப்படி, டாக்டர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள், கெட்டிக்கார டாக்டர்கள். ஆனால் உயிரோடு இருக்கிறவர் வயிற்றைக் கத்தியால் கீறி அந்தப் பக்கத்தில் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. பூரான் வந்ததோடு அந்தப் பேச்சு ஓய்ந்துபோயிற்று.

அது ஒரு மிஷின். வந்த பெட்டியில் அதற்கு வேறு பெயர்தான் எழுதியிருந்தது. ஊரில் பூரான் என்றால்தான் தெரியும். சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. தொப்புள் வழியாக உள்ளே போய், நூல்நூலாகக் கால்களை விரிக்கும். தலையில் ஒரு விளக்கு, ஒரு கண். ரத்தம் ஒழுகும் இடத்தைத் தேடிப்போய் அடைக்கும். கிழிந்த குடலைத் தைக்கும். போன வழியே திரும்பி வந்துவிடும். டாக்டர் ஓரமாக உட்கார்ந்து திரையைப் பார்த்து அதை ஓட்டுவார். மாடு முட்டி வயிறு கிழிந்து வந்தவன் நாலாம் நாள் டீக்கடையில் நிற்பான். சட்டையைத் தூக்கிக் காட்டினால் தழும்பே இருக்காது.

உயிர் இருக்கிறதா, போய்விட்டதா என்று சொல்வதும் அதே மிஷின்தான். நெஞ்சில் ஒரு தட்டை ஒட்டுவார்கள். பச்சை எரிந்தால் தியேட்டர், சிவப்பு எரிந்தால் பிணவறை. நாடி பிடித்துப் பார்க்கிற வழக்கம் போயே போய்விட்டது.

செத்தவர்களுக்கு மட்டும் பூரான் கிடையாது. "போனவனுக்குத் தழும்பு விழுந்தா என்ன, விழாட்டி என்ன?" என்று மேலதிகாரி ஒருவர் சொன்னாராம். ஆக, பிணவறைக்குப் பழைய கத்தி, பழைய கோணி ஊசி, பழைய சடையாண்டி. டாக்டர் வாசற்படியில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார். இவன் உள்ளே அறுத்துப் பார்த்து, "ஈரல் கிழிஞ்சிருக்கு சார், வயித்துல ரெண்டு சொம்பு ரத்தம்" என்பான். அவர் அதை இங்கிலீஷில் எழுதிக்கொண்டு போவார்.

அன்றைக்கு ஐப்பசி மழை. மத்தியானம் சடையாண்டி சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தான். பெரிய நர்ஸ் அமலி பிணவறை வாசலில் முழுக்க நனைந்துபோய் வந்து நின்றாள். அந்த வாசலுக்கு அவள் வந்து அவன் பார்த்ததே இல்லை.

"சடையா, கையக் கழுவு. கிளம்பு."

"யாரு சிஸ்டர் செத்தது?"

"இன்னும் யாரும் சாகல. அதுக்குத்தான் கூப்பிடுறேன். உன் கத்தியையும் எடுத்துக்க. கவர் பிரிக்காத பிளேடு இருக்குல்ல?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சோற்றை மூடிவைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினான். மழைக்குள் நடந்துகொண்டே அமலி சொன்னாள்.

"செல்வராணி மகன் மிதுன். தக்காளி ஏத்திட்டு மலையிலருந்து எறங்குன வண்டி வளைவுல கவுந்துருச்சு. ஸ்டியரிங் வயித்துல குத்திருக்கு. பூரான உள்ள விட்டோம். உள்ள போன ஒடனே திரும்பி வந்துருச்சு."

"ஏன்?"

"உள்ள பூரா ரத்தம். அதுக்குக் கண்ணு தெரியல. 'பார்வை இல்லை, வயிற்றைத் திறக்கவும்'னு சொல்லிக்கிட்டே இருக்கு."

"தொறக்க வேண்டியதுதான?"

"யாரு தொறப்பா?"

சடையாண்டி மழையில் நின்றுவிட்டான்.

"டாக்டரம்மா இருக்காங்கள்ல சிஸ்டர்?"

"அவங்க படிச்சதே பூரான ஓட்டத்தான்டா. இப்படி ஆனா பெரியாஸ்பத்திரிக்கு ஏத்தி அனுப்பணும்னு புத்தகத்துல போட்டிருக்கு. ஓடைப் பாலம் காலைலயே போச்சு. ஹெலிகாப்டர் கேட்டோம், இந்த மழைல எடுக்க மாட்டாங்களாம். இன்னும் அரைமணி நேரம் தாங்குறதே பெருசு."

"சிஸ்டர், நான் அறுக்குறது செத்தவங்கள."

"தெரியும்."

"செத்தவங்களத் தப்பா அறுத்துட்டா அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"அதுவும் தெரியும்டா. நீ வரலைன்னாலும் ராத்திரிக்குள்ள அவன் உன் மேசைக்குத்தான் வருவான். அப்ப அறுக்கப்போறத இப்ப வந்து அறு."

சடையாண்டி அவள் பின்னால் நடந்தான். ஆனால் செல்வராணி என்ற பெயர் அவனுக்குள் குத்திக்கொண்டு நின்றது. எட்டு வருஷத்துக்கு முன்னால், அதே மலைப்பாதையில் லாரி மோதி வந்த அவள் புருஷன் பால்பாண்டியை இவன்தான் அறுத்தான். பிணவறை வாசலில் மண்ணில் உட்கார்ந்து அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மெதுவா அறுண்ணே. அவரு வலி தாங்க மாட்டாரு."

அமலி அவனைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போனாள். "முன்னாடி அந்தம்மா உக்காந்திருக்கு. உன்னப் பாத்துச்சுன்னா மகன் முடிஞ்சான்னு நெனச்சுக்கும்."

தியேட்டருக்குள் அவன் அதுவரை கால் வைத்ததில்லை. குளிப்பாட்டியது மாதிரி கழுவிவிட்டு, பச்சைத் துணி மாட்டி, கையில் உறை போட்டு உள்ளே தள்ளினார்கள். டாக்டர் நஸ்ரின் மேசையருகில் நின்றிருந்தாள். முப்பத்தோரு வயது. மூவாயிரம் வயிற்றுக்குள் பூரானை ஓட்டியவள் என்று ஊரே பெருமை பேசும். அவள் கை இப்போது வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"சடையாண்டி அண்ணா, உள்ள எது எங்க இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். ஆனா எப்பவும் உள்ளேயிருந்துதான் பாத்திருக்கேன். வெளியிலருந்து உள்ள போற வழி எனக்குத் தெரியல. எவ்வளவு ஆழம் போகணும், எங்க நிறுத்தணும்... தப்பாப் போச்சுன்னா குடலையும் சேத்து அறுத்துருவேன்."

"எனக்கு அந்த வழி மட்டும்தான்மா தெரியும்," என்றான்.

"வயிற்றைத் திறக்கவும். தயவுசெய்து," என்றது மிஷின். கல்யாண மண்டபத்தில் சாப்பிட அழைக்கிற குரல் மாதிரி அவ்வளவு மரியாதை.

அவனுடைய கைப்பிடியை வெந்நீரில் கொதிக்கவைத்து, புது பிளேடு மாட்டிக் கொடுத்தாள் அமலி. சடையாண்டி வயிற்றுப் பக்கம் போகவில்லை. கால் தானாகவே கால்மாட்டுக்குப் போயிற்று. வலது கட்டைவிரலைத் தொட்டான். சூடாக இருந்தது. நெருப்பைத் தொட்டவன்போலக் கையை இழுத்துக்கொண்டான். ஆனால் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் வாயை விடவில்லை.

"அறுக்கட்டுமாய்யா?"

"ம்."

கத்தி தரையில் விழுந்து கிணுங்கென்றது.

கேட்கிற உங்களுக்கே திக்கென்றிருக்கும். அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். அமலி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். மிதுனின் கண்கள் மூடித்தான் இருந்தன; உதடு மட்டும் லேசாக அசைந்து அடங்கியது.

"பேசுறாரும்மா," என்றான் சடையாண்டி. "இவரு பேசுறாரு!"

"பிரஷர் இல்லண்ணா. முழு மயக்கம் குடுத்தா நெஞ்சு நின்னுரும். பாதிதான் குடுத்திருக்கு. வயிறு மரத்துப்போறதுக்கு ஊசி போட்டாச்சு, வலிக்காது. கேக்குறது எங்கேயோ தூரத்துல கேக்குற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அண்ணா, நேரமில்ல."

"வயிற்றைத் திறக்கவும். தயவுசெய்து."

கைப்பிடியை மறுபடி வெந்நீரில் முக்கி, வேறு பிளேடு மாட்டி அவன் கையில் திணித்தாள் அமலி. "சரின்னு சொல்லிட்டான்ல? அப்புறம் என்ன?" என்றாள். குரல் அதட்டலாக இருந்தாலும் கண்ணில் தண்ணீர்.

நெஞ்செலும்புக்குக் கீழே வைத்தான். தொப்புளை இடப்பக்கமாக ஒதுக்கிவிட்டு, நேராகக் கீழே இழுத்தான். கை தன் வேலையைச் செய்தது. மனசுதான் ஒவ்வொன்றுக்கும் அதிர்ந்தது. செத்த தோல் நனைந்த சாக்கு மாதிரி. வெட்டினால் வெட்டின இடத்தில் கிடக்கும். இது கத்தியைக் கண்டு விலகியது, சுருங்கியது, ஓரத்தில் பொட்டுப்பொட்டாக ரத்தம் பூத்தது. கடைசிப் படலத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் கீறினான்.

ரத்தம் குதித்தது. மணிக்கட்டில் அடித்து முழங்கை வரை ஏறியது. உறைக்கு மேலேயே சூடு சுட்டது.

அந்தச் சூடு அவனுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எப்போதோ ஒருமுறை இதே கையில் இதே மாதிரி பட்ட ஞாபகம். யோசிக்க நேரமில்லை.

"இடப்பக்கம் மேல, விலாவுக்கு அடியில..." என்று நஸ்ரின் ஆரம்பிக்கும்போதே அவன் கை அங்கே போய்விட்டது. ரத்தத்துக்குள் கண்ணுக்கு என்ன வேலை? பிணவறையில் பாதி நாள் கரண்டே இருக்காது. தடவிப் பார்த்தே பழகின கை.

"மண்ணீரல் ரெண்டாப் பொளந்துருச்சும்மா. வேர்ல புடிச்சுட்டேன்."

"நல்லா இறுக்கிப் பிடிங்க. விட்றாதீங்க."

"நீங்க விடச் சொல்ற வரைக்கும் இது என் கையே இல்லம்மா. உங்க கைதான்."

அமலி குழாய் வைத்து ரத்தத்தை உறிஞ்சினாள். பொங்கிக்கொண்டிருந்தது மெல்ல அடங்கிற்று. பூரான் மறுபடி இறங்கி, திறந்த வயிற்றுக்குள் தலையை நீட்டியது.

"பார்வை வந்தது. நன்றி," என்றது.

யாருக்கு நன்றி சொல்லிற்று என்று யாரும் கேட்கவில்லை. நஸ்ரின் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்ததும் அவள் கை நடுக்கம் பட்டென்று நின்றுபோயிற்று. பூரான் சடையாண்டியின் விரல்களுக்கு நடுவில் காலை ஊன்றி நடந்து, அவன் பிடித்திருந்த ரத்தக்குழாயைச் சுற்றிச்சுற்றிக் கட்டியது. முக்கால் மணி நேரம் அவன் மூச்சுக்கூடப் பெரிதாக விடவில்லை. நடுவில் ஒரே ஒரு தரம் பேசினான்.

"டாக்டரம்மா, உள்ளயிருந்து ஏதோ என் பொறங்கைய தட்டுது."

"அது பெரிய ரத்தக்குழாய்ண்ணா. முதுகெலும்ப ஒட்டி ஓடும். நீங்க பாத்திருப்பீங்களே."

பார்த்திருக்கிறான். ஆயிரம் தடவை தொட்டிருக்கிறான். அது தட்டும் என்று அவனுக்குத் தெரியாது.

கட்டி முடித்து, பிளந்த மண்ணீரலை வெளியே எடுத்தபோது பிரஷர் ஏறத் தொடங்கியிருந்தது. பூரானிடம் இருந்த நூல் தீர்ந்துவிட்டது. அது தொப்புள் ஓட்டையை அடைக்கத்தான் நூல் வைத்திருக்கும். இத்தனை நீளத்துக்கு அதனிடம் ஏது? அமலி தடித்த நூலைக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். சடையாண்டி தனக்குத் தெரிந்த ஒரே தையலைத் தைத்தான். மூட்டை தைக்கிற தையல். கீழிருந்து மேலே, இழுத்து இழுத்து. நஸ்ரின் ஆழம் சொல்லச் சொல்ல இரண்டு அடுக்காகத் தைத்தான்.

"முடிஞ்சதுண்ணா. பிழைச்சுக்கிட்டான்," என்று நஸ்ரின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அமலி தள்ளுவண்டியைத் தள்ள, முன்கதவு திறந்தது. செல்வராணி எழுந்தாள். வண்டி கால் முன்னால் வந்தது. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மகன் காலைத்தான் முதலில் பார்த்தாள். வலது கட்டைவிரலில் வெள்ளைத் துணிச் சீட்டு ஒன்று சுருக்குப் போட்டுக் கட்டியிருந்தது. எண் முப்பத்தொன்று.

பிணவறைச் சீட்டு.

தையல் முடிந்ததும் சீட்டுக் கட்டுவது அவன் வழக்கம். உள்சட்டைப் பையில் எப்போதும் நாலு சீட்டு இருக்கும். எப்போது பச்சைத் துணிக்குள் கைவிட்டு எடுத்தான், எப்போது கட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

செல்வராணி போட்ட சத்தத்தில் வராந்தாவில் நின்றவர்களெல்லாம் சுவரோரம் ஒதுங்கினார்கள். "அவரு கால்ல கட்டுன சீட்ட என் புள்ள கால்லயும் கட்டிட்டீங்களேடா! என் குடும்பத்துக்கு வேற சீட்டே கெடையாதா?" நெஞ்சில் அறைந்துகொண்டு கீழே விழப்போனாள்.

"அடப்பாவி, என்னடா பண்ணி வச்சிருக்க!" அமலி திரும்பிக் கத்தினாள். "செல்வராணி, இங்க பாரு, பாரும்மா! மூச்சு விடுறான் பாரு!"

அவள் கேட்கிற நிலையில் இல்லை. அந்தக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு அலறினாள். விரல் அவள் கைக்குள்ளேயே ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது.

அலறல் பாதியில் நின்றது. சீட்டைப் பிய்த்து எறிந்தாள். மகனின் மூக்கில் கை வைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் கதவுக்குள் முழங்கை வரை ரத்தமாக நிற்கிறவனைக் கண்டாள்.

"நீயாண்ணே?" என்றாள். சடையாண்டி நிற்கவில்லை. பின்வாசல் வழியாக மழையில் இறங்கி ஓடிவிட்டான்.

விசாரணை வந்தது. யார் திறந்தது என்று கேட்டார்கள். நஸ்ரின் அவன் பெயரைத்தான் சொல்லப்போனாள். அவன் முந்தினநாளே கெஞ்சியிருந்தான். "என் பேரு வேணாம்மா. பொணம் அறுத்த கை பட்ட உடம்புன்னு அந்தப் பையனுக்கு ஊர்ல எவனும் பொண்ணு குடுக்க மாட்டான். உங்க பேரையே போட்டுக்கங்க." அவள் முகம் சிவந்து, தலையைக் குனிந்து, தன் பெயரையே எழுதினாள்.

எழுதினால் ஊருக்குத் தெரியாமல் போய்விடுமா? தெரிந்தது. சில பேர் மிதுனைக் கண்டால் தள்ளி நின்றார்கள். இளவட்டங்கள் வேறு மாதிரி. "நம்ம தாலுகாவுலயே தழும்பு உள்ள ஒரே ஆம்பள நான்தான்டா" என்று மிதுன் சட்டையைத் தூக்கிக் காட்டுவான்; அந்த மூட்டைத் தையலைத் தொட்டுப் பார்க்க வரிசை நிற்கும்.

இருபதாம் நாள் செல்வராணி பிணவறைக்கு வந்தாள். கையில் தூக்குவாளி. எட்டு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்த அதே மண்ணில் உட்கார்ந்தாள்.

"கோழி அடிச்சேன்ணே. சாப்புடு."

"எதுக்குத் தாயி இதெல்லாம்."

"உன்னத் தெருவுல பாத்தாலே எனக்கு ஈரக்கொலை நடுங்கும். வேற தெரு வழியாப் போயிருவேன். அந்தக் கை அவர என்னென்ன பண்ணுச்சோன்னு நெனப்பு வரும்." சட்டென்று அவன் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மறைக்காமச் சொல்லு. அன்னைக்கு மெதுவாத்தான அறுத்த?"

அவள் கண்ணீர் அவன் மணிக்கட்டில் விழுந்தது. சூடாக இருந்தது.

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

பால்பாண்டி. இதே மணிக்கட்டு. கத்தி இறங்கியதும் ரத்தம் குதித்து இந்த இடத்தில்தான் அடித்தது. சுட்டது. அவன் வாசலைப் பார்த்து, "சார், ரத்தம் குதிக்குது சார்" என்றான். வாசற்படியில் நின்ற அன்றைய டாக்டர் கைக்குட்டைக்குள்ளிருந்தே சொன்னார்: "சிவப்பு எரிஞ்சிருச்சுல்ல? வந்து கொஞ்ச நேரம்தான ஆகுது, சூடு இருக்கத்தான் செய்யும். அறு." படித்தவர் சொல்கிறார். இவன் அதுவரை உயிருள்ள வயிற்றைக் கண்டவனா? ரத்தம் குதித்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கொஞ்ச நேரத்தில் குதிப்பது நின்றது. அறுத்து முடித்தான்.

அன்றைக்கும் கட்டைவிரலைத் தொட்டுக் கேட்டான். பதிலுக்கு நிற்கவில்லை.

"சொல்லுண்ணே," என்றாள் செல்வராணி.

அவள் முகத்தைப் பார்த்தான். எட்டு வருஷமாக ஆறாத ஒன்று இப்போதுதான் ஆறத் தொடங்கியிருக்கிற முகம்.

"மெதுவாத்தான் தாயி அறுத்தேன்."

அவள் பெருமூச்சு விட்டு, முந்தானையால் முகம் துடைத்து, "சூடா இருக்கும்போதே சாப்புட்டுரு" என்று எழுந்து போனாள். தூக்குவாளி மூடி திறக்காமலே சாயங்காலம் வரை இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு உடம்பு வந்தது. மரத்திலிருந்து விழுந்த பெரியவர். நெஞ்சில் ஒட்டியிருந்த தட்டில் சிவப்பு விளக்கு. வாசற்படியில் நஸ்ரின் பேனாவோடு வந்து நின்றாள்.

சடையாண்டி கட்டைவிரலைத் தொட்டான். "அறுக்கட்டுமாய்யா?" என்றான்.

கத்தியை ஓரமாக வைத்தான். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். பெரியவரின் வாயருகே காதைக் கொண்டுபோனான். ஒரு கையை வயிற்றின் நடுவில் வைத்து, முதுகெலும்பு தட்டுப்படும்வரை மெதுவாக அமுக்கி, அப்படியே வைத்திருந்தான். மழை விட்டு ஓட்டுக்கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் போயிற்று, பத்து நிமிஷம் போயிற்று.

"என்ன சடையாண்டி அண்ணா?" என்றாள் நஸ்ரின், ஒன்றும் அறியாதவளாக. "சிவப்பு எரிஞ்சிருச்சுல்ல? ஆரம்பிங்க."

அவன் கையை எடுக்கவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை.

"அது சொல்லிருச்சும்மா," என்றான். "இவரு இன்னும் சொல்லல."